ஒரு யென்

பெட்டியின் மேல் நான்கு மொழிகளில்
'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதியிருந்தது.
கிள்ளான் துறைமுகத்திலிருந்து செந்தூல் வரை
பக்கவாட்டில் படுக்கவைத்துத்தான் கொண்டுவந்தோம்.
வேன் அவ்வளவுதான்.

பன்னிரண்டாவது மாடி.
இந்த நகரத்தில் நான் பராமரிக்கும் மின்தூக்கிகள்
அறுபத்து மூன்று.
எங்கள் கட்டடத்து மின்தூக்கி அதில் சேராது.
அன்றைக்கு அது ஓடவும் இல்லை.

மொத்தம் ஐம்பத்தொரு கிலோ.
தட்டு மட்டும் தனியே பதினாறு.
எரிவாயுத் தோம்பு தூக்குகிற மாதிரி
புனிதமலர் அதை இடுப்போடு அணைத்து ஏறினாள்.
எட்டாவது மாடியில் இறக்கி வைத்து,
"இதில் பாட்டு வருமா, இல்லை வெறும் கனம்தானா?" என்றாள்.
மூச்சு வாங்கியது எனக்கு,
பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

நூறு வோல்ட்டில் பிறந்த உடம்பு.
நம் சுவரில் இருநூற்று நாற்பது.
நடுவே ஒரு மாற்றி வைத்து
விசையைத் தட்டினேன்.
பட்டை இல்லை, பல்சக்கரம் இல்லை,
தட்டின் அச்சுதான் மோட்டாரின் அச்சு.
விளிம்பில் விரல் வைத்தால்
வேகம் குறையாமல் விரலைத் தள்ளுகிறது.
ஆரஞ்சு விளக்கில் புள்ளிகள் அசையாமல் நின்றன,
தட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

பங்சார் டாக்டர் இம்தியாசிடம் இந்த ரகத்தில் பதினொன்று.
எல்லாம் கண்ணாடிக்குள்.
ஒன்றும் சுற்றியதில்லை.
புடு சியோங்கிடம் இரண்டு, எப்போதும் விற்பனைக்கு.
சியோங்தான் முதலில் பார்த்தான்:
கையின் நுனியில், ஊசித் தலையின் முதுகில்
பழுத்துப்போன ஒட்டுத்தாளுக்கு அடியில்
அலுமினிய நாணயம் ஒன்று.
ஒரு பக்கம் இளஞ்செடி, ஒரு பக்கம் ஒன்று.
"பிடுங்கிப் போடு. இது இருந்தால் மூவாயிரம் வெள்ளி குறையும்."

பல் நூலும் ஸ்பிரிட்டும் கொண்டு
காயம் படாமல் கழற்றினேன்.
கையேட்டில் சொன்னபடி எடை வைத்தேன்.
அம்கார்ப் சந்தையில் நாலு வெள்ளிக்கு எடுத்த
ஹவாய் கித்தார்த் தட்டு,
யாரோ காரில் மறந்து வெயிலில் வளைந்தது.
மூன்றாவது பாட்டில், அலை ஏறும் இடத்தில்
ஊசி குதித்தது.
மறுபடி வைத்தேன். குதித்தது.
எதிர்எடையைத் திருகினேன்,
குதிக்கும் இடம்தான் மாறியது.
நம் ஐந்து காசை ஏற்றிப் பார்த்தேன்.
ஊசி முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது.

யென்னை எடுத்து வைத்தேன்.
சரியாக ஒரு கிராம்.
அலை ஏறியது, ஊசியும் ஏறியது,
அந்தப் பக்கம் இறங்கி
கித்தார் தன் பாட்டுக்குப் போனது.

தொழிலில் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு.
மின்தூக்கியின் எதிர்எடையை
காலிப் பெட்டிக்கு ஏற்றபடி யாரும் வைப்பதில்லை.
பாதி ஆள் ஏறியிருப்பதாக வைத்துத்தான்.
அதனால் யாருமில்லாத பெட்டி
எப்போதும் கொஞ்சம் மேலே போகப் பார்க்கும்,
பிரேக் பிடித்து நிற்கும்.

அங்கேயும் யாரோ ஒருவர்
வளைந்த தட்டு ஒன்றைத் தூக்கிப் போடாமல்
இருந்திருக்கிறார்.
இவ்வளவு பெரிய இயந்திரம் வாங்கியும்
புதுத் தட்டு வாங்காமல்
சட்டைப்பையில் கைவிட்டிருக்கிறார்.
ஆணா, பெண்ணா தெரியாது.
ஒட்டுத்தாளில் பாதி ரேகை மிச்சம்.

டாக்டர் இரவு அழைத்தார்.
இருபத்திரண்டாயிரம் தருகிறேன்,
நாணயத்தின் பசைத் தடம் போய்விட்டதா என்றார்.
மறுபடி ஒட்டிவிட்டேன் என்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, என்ன தட்டு வைத்தாய் என்று கேட்டார்,
சொல்வதற்குள்
போனைத் தட்டின் பக்கம் திருப்பச் சொன்னார்.

புனிதமலர் சோற்றுக் கையோடு
நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.
"ஒரு யென் நம் காசுக்கு எவ்வளவு?"

மூன்று காசு இருக்கும்.
சுங்கப் படிவத்தில் எழுதவில்லை.