இரைச்சல் என்று குறித்தேன்

ஒவ்வொரு காலையும் பூபாலப்பிள்ளையின் தலையில்
அறுபத்து நாலு இடங்களில் பசை வைக்கிறேன்.
மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி, பின்கட்டு, வாவிப்பக்க ஜன்னல்.
குளிரூட்டி இரைந்தால் அலை கெடும் என்று அதை நிறுத்துவோம்.
வியர்த்தாலும் அலை கெடும்.

பக்கவாதம் பேச்சை எடுத்துப் பதினாலு மாதம்.
தொப்பி கேட்கும், பெட்டி ஊகிக்கும்.
"தண்ணி" என்று ஐம்பது தரம் நினையுங்கள், ஐயா.
"சோறு" ஐம்பது தரம்.
"வலி"க்குப் பத்துத் தரமே போதுமாயிருந்தது.

சம்மதப் பத்திரம் பதினொரு பக்கம்.
பழுகாமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த மகள் சசிரூபி
ஏழாம் பக்கத்தில், கடைசி பஸ் போயிடும் மிஸ் என்றாள்.
வலக்கை செத்திருந்தது.
இடது பெருவிரலை நானே மையில் தோய்த்தேன்.
ஒன்பதாம் பக்கம் சொல்கிறது:
கேட்கப்படாமல் கிடைக்கும் சமிக்ஞைகளும் சேமிக்கப்படும்.
அதை நான் பின்னேரம், தேத்தண்ணி குடிக்கையில்தான் வாசித்தேன்.

பெட்டி எங்கள் தமிழில் வளர்ந்ததல்ல.
அவர் "மறுகா" என்று நினைத்தால்
"மறுக்கிறேன்" என்று எழுதும்.
மறுகா என்றால் பிறகு. மறுகா என்றால் சொல்லு, மேலே போ.
ஏறாவூரில் என் உம்மாவும் அப்படித்தான் கதை கேட்பா
என்று அறிக்கை எழுதினேன்.
அரிய சொல், புறக்கணிக்கவும் என்று பதில் வந்தது.

நாலாம் கிழமை, செவ்வாய்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
பசை காய்ந்த ஒரு வயரைத் தடவிக்கொண்டிருந்தேன்.
திரையில் ஒரு பெயர்.
முப்பத்தெட்டு வீதம். நாற்பத்தொன்று. ஐம்பத்து மூன்று.
பெட்டி, கெட்டிக்காரப் பிள்ளை,
அந்தப் பெயருக்கு முன்னால் பொருந்தக்கூடிய
தகப்பன் பெயர்கள் மூன்றையும் பரிந்துரைத்தது.

மனிதர் இடக்கையால் தொப்பியைப் பிய்த்தார்.

நடையில் நின்று சசிரூபி சொன்னாள்:
தொண்ணூறில அப்பாவைக் கொண்டு போனவங்க.
எட்டு மாசம்.
ஒரு பேரைக் கேட்டுத்தான் அடிச்சவங்களாம்.
அம்மாக்கும் சொல்லல்ல, அவ சாகுமட்டும்.

யார் கொண்டு போனது என்று நான் கேட்கவில்லை.
ஏறாவூர்க்காரி நான்.
தொண்ணூறைப் பற்றி எங்கள் வீட்டிலும் கதைப்பதில்லை.

பெட்டி கேட்டது: சரியா?
ஆம் என்றால் பெயரைக் கற்கும்.
இல்லை என்றால் திரும்பத் தேடும்.
மூன்றாவதாய் ஒரு கட்டம்:
கண் சிமிட்டல், பல் நறநறப்பு, இரைச்சல்.

எட்டு மாதம் உதைத்தும் திறக்காத கதவு
பஞ்சுக்கும் பசைக்கும்
"கொஞ்சம் குளிரும் ஐயா" என்ற பணிவுக்கும் திறந்துவிட்டது.
அவர்களிடம் சம்மதப் பத்திரம் இருக்கவில்லை.
என்னிடம் இருக்கிறது, பெருவிரல் ரேகையோடு.

இரைச்சல் என்று குறித்தேன்.

பொய்த் தரவு. தெரிந்தால் வேலை போகும்.
துல்லியம் ஏன் விழுந்தது என்று ஏற்கெனவே ஒரு மின்னஞ்சல்.
அதோடு நான் அழித்தது பெயரை அல்ல, அதன் விளக்கத்தை.
மூல அலை கடல் தாண்டி எங்கோ கிடக்கிறது,
இதைவிடக் கெட்டிக்காரப் பெட்டி ஒன்று பிறக்கும்வரை.

மற்றதையும் சொல்ல வேணும்.
அவர் தண்ணி கேட்டு, தண்ணி வந்த முதல் நாள்
சசிரூபி எக்ஸ்ரே அறை வரைக்கும் ஓடிப்போய்
முன்பின் தெரியாத ஆட்களுக்கெல்லாம் சொன்னாள்.
அன்று இரவு எனக்கும் நித்திரை வரவில்லை.

இன்று காலை, பசை திறக்குமுன் கேட்டேன்:
ஐயா, இதை நிறுத்துவமா?
கேட்ட பிறகுதான் உறைத்தது,
பதில் சொல்ல அவருக்குத் தொப்பி வேணும்.

அணிவித்தேன்.
திரையில்: மறுக்கிறேன். தொண்ணூற்றொரு வீதம்.

நிறுத்துவதை மறுக்கிறாரா? தொப்பியையா?
அல்லது வெறும் மறுகாவா,
சொல்லு பிள்ளை, மேலே போ என்றா?

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.
பெட்டி சரியா, சரியா என்று சிமிட்டுகிறது.
விரலில் பசை காய்கிறது.