துப்பாமல்

மச்சாளின் லுமாலா சைக்கிள்.
முன் பிரேக் இல்லை.
மணி மட்டும் புதிது.

குருமண்வெளியில் படகுக்குப் பெயர் பாதை.
தண்ணீரில் ஆடிக்கொண்டு
பாதை கரைக்கு வருகிறது,
ஐந்து மோட்டார் சைக்கிள், கதவில்லாத ஒரு அலுமாரி,
அலுமாரிக்குள் நிழலுக்குக் குந்தியிருக்கும் ஒரு பெடியன்.
திரும்பிப் போகையில் என்னையும் ஏற்றிற்று.
மண்டூரில் இறங்கியதும்
கச்சான் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது.
மலையில்லாத ஊரில்
ஏற்றம் காற்றாக வரும்.

நான் வேலை செய்யும் வலேயில் மலை உண்டு.
மலையைப் படிபடியாக வெட்டி, கல்லடுக்கி,
படிக்குப் படி திராட்சை.
கோடையில் இறுக்கிய காற்சட்டைக்காரர்
சைக்கிளில் மூச்சிரைக்க ஏறி வந்து
நிலவறைக் குளிருக்குள் நுழைவார்கள்.
ஆறு கிளாஸ். சுழற்றுவார்கள், மணப்பார்கள்,
வாய்க்குள் உருட்டுவார்கள்,
துப்புவார்கள்.
அந்த வாளியைப் பதினொரு வருடமாய்க்
கழுவுகிறவள் நான்.

"ஈரக்கல்" என்பார் ஒருவர்.
"இல்லை, சுண்ணாம்பு" என்பார் மற்றவர், கண்ணை மூடி.
வாளிக்குள் எல்லாம் ஒரே நிறம்.
ஒருதரம் தொட்டிக்கு மேலே குனிந்து
அடிப்போத்தல் மிச்சத்தை அவசரமாய் விழுங்கினேன்.
சவர்க்காரம் மணத்தது.
எனக்கென்று ஒருவரும் ஊற்றியதில்லை.
கேட்கத் தோன்றியதுமில்லை.

வெல்லாவெளிச் சந்தியில்
ஜெயவதனி இரண்டு சட்டி திறந்தாள்.
"இது ஆத்தோரம் மேய்ஞ்ச எருமை.
இது வேளாண்மை வெட்டின வயல் மேய்ஞ்சது."
முதலாவது நாக்கில் ஏறி,
கொஞ்சம் பொறுத்து, காதடியில் புளித்தது.
இரண்டாவதில் வைக்கோல் இருந்தது,
வைக்கோலில் விழுந்த மத்தியான வெயில் இருந்தது.
கொப்பியில் எழுதினேன்.
"என்ன, கடன் கணக்கா?"
"இல்ல, ருசி. எது நல்லம்?"
"ரெண்டும் ஒரே விலை" என்றாள்.

பழுகாமம் தாண்டி, பனைகளுக்குள்
ஒரு தவறணை.
பேரின்பராசா என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார்,
பின்னால் ஆண் யாரும் வருகிறானா என்று ரோட்டைப் பார்த்தார்.
"ஆருக்கு?"
"எனக்குத்தான்."
வாங்கில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.
ஒருவர் சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டார்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு சில்வர் பேணியைக் கழுவினார்,
அதைக் கழுவிய விதத்தில் எனக்கு மரியாதை வந்தது.

கள்ளில் ஒரு தேனீ செத்து மிதந்தது.
ஊதி ஒதுக்கிவிட்டு வாய் வைத்தேன்.
என் வீட்டுக்குக் கீழே இருக்கும் பேக்கரியில்
விடிய நாலு மணிக்குப் பொங்கும் மா.
மறுகா புளிப்பு. மறுகா
சண்டைக்கு வந்து சிரித்துவிட்டுப் போகிறவன் மாதிரி ஒரு கசப்பு.

"இதையும் பாருங்க, கருப்பணி" என்று
வேறு முட்டி கொண்டுவந்தார்.
உருட்டினேன். இடது கன்னம், வலது கன்னம்,
நாக்கடியில் ஒரு சுற்று.
இனிப்பு விலக, அதன் கீழே
வெள்ளையாய், வறண்டு, பல்லில் உரசியபடி ஒன்று.
கண் தானாக மூடிற்று.

"என்ன புள்ள, பல்லுக் குத்தா?"

வாய் நிறைய இருந்தது.
பழக்கத்தில் கண் வாளியைத் தேடியது.
வாளி இல்லை. ஏழெட்டு முகம்,
ஒரு நாய், என்னையே பார்த்தபடி.
துப்பினால்
அந்தப் பேணியை இனி எப்படிக் கழுவுவார்?

விழுங்கினேன்.
"சுண்ணாம்பு" என்றேன்.

"பின்ன? முட்டிக்குள்ள தடவினதுதானே"
என்றார் பேரின்பராசா.
எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

பட்டிருப்புப் பாலம் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.
இந்த நாற்பது கிலோமீற்றரில் ஏற்றமென்றால் அதுதான்.
பாதியில் கால் சிரித்துவிட்டது,
இறங்கி உருட்டினேன்.
கரியரில் தயிர்ச்சட்டி கசிந்து
கொப்பியின் நடுப்பக்கங்கள் ஒட்டிப்போயின.
வெள்ளிக்கிழமை பிளேன்.

உச்சியில் மீண்டும் ஏறி உட்கார்ந்தேன்.
கீழே வாவி, எதிரே ஒரு லொறி,
பாதிப் பிரேக்.
இறக்கம் முழுக்க
மணியடித்துக்கொண்டே போனேன்.