அறை நான்கு

பத்து மணிக்குக் காலிசெய்ய வேண்டும் என்பது விதி.
பத்தேகாலுக்கும் கார்கள் முற்றத்தில் நிற்கும்,
யாராவது ஒருவர் சாவியைத் தேடிக்கொண்டிருப்பார்,
ஒரு பிள்ளை இன்னொரு தடவை
ஆட்டுக்குட்டிகளுக்குக் கை அசைக்க ஓடியிருக்கும்.
நானும் டெலித்தும் வேனுக்குள் காத்திருப்போம்.
கண்ணாடியில் வழிவது
வேல்ஸின் மழை; அதற்கு நேரக் கட்டுப்பாடு இல்லை.

பதினோரு படுக்கையறை, ஏழு கழிப்பறை,
மாட்டுக்கொட்டகையை இடித்துக் கட்டிய கூடம்.
பழமை மாறாத வீடு என்று விளம்பரம் சொல்கிறது.
குளிர் மாறவில்லை, அதுவரை உண்மை.

வீட்டுக்காரி பிரிஸ்டலில் இருக்கிறாள்.
வியாழன்தோறும் செல்பேசிக்குப் பட்டியல் வரும்:
ஒன்று, சேர்த்து. இரண்டு, சேர்த்து. மூன்று, பிரித்து.
இங்கே இரட்டைக் கட்டில் என்று ஒன்று கிடையாது.
எல்லாம் ஒற்றை. மெத்தையின் ஓரத்தில் ஜிப்.
இழுத்து மூடினால் புருஷன் பெண்டாட்டி,
திறந்துவிட்டால் அக்கா தங்கை.

வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து டிரான்டர் குடும்பம்,
ஐந்து வருடமாக ஈஸ்டர் வாரத்துக்கு,
இருபத்திரண்டு பேர், இரண்டு நாய்.
அவர்களின் பட்டியல் எனக்கு மனப்பாடம்.
இந்தத் தடவை, நான்கு: பிரித்து.

நான்காம் அறையின் ஜன்னலில் ஓடை தெரியும்.
யார் வந்தாலும் அதைத் தம்பதிக்கே விடுவார்கள்.
அந்த ஜிப் திறந்து வருடக்கணக்காயிற்று.
மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் தேய்த்து
பல் பல்லாகத் திறந்தேன்.
குறட்டையாக இருக்கும் என்றாள் டெலித்.
முதுகுவலி என்றேன் நான்.
வேறொன்றை இருவருமே சொல்லவில்லை.
நடுவில் ஒரு முழம் இடம் விட்டு
சின்ன மேசை ஒன்றைப் போட்டோம்.
விளக்கு யார் பக்கம் என்று தெரியவில்லை,
மேசைக்கு நடுவில் வைத்தோம்.

அது போன சனிக்கிழமை.

இன்று விருந்தினர் ஏட்டில்
'எல்லாம் கச்சிதம்' என்று எழுதியிருக்கிறார்கள்,
கீழே பிள்ளைகளின் கையெழுத்தில் ஒரு ஆடு.
செவ்வாய் இரவு கழிவுத்தொட்டி பொங்கியதை
யாரும் எழுதவில்லை.
பதினொரு மணிக்கு வந்து அடைப்பெடுத்தவர் என் கணவர் எம்ரிஸ்.
மாடி ஜன்னல் ஒன்றில் யாரோ
விளக்கில்லாமல் நின்றுகொண்டிருந்தார்களாம்.
எந்த ஜன்னல் என்று கேட்டேன்.
எனக்கு வேலை கீழே இருந்தது என்றார்.

அடுப்படியில் பாதி லசானியா.
யார் எந்த நாள் பாத்திரம் கழுவ வேண்டும் என்று
ஃபிரிட்ஜில் ஒட்டிய தாள்,
வியாழனோடு அதை மதிப்பவர் இல்லாமல் போயிருக்கிறது.
நீண்ட சாப்பாட்டு மேசை உண்மையில் இரண்டு மேசை,
விரிப்பை எடுத்தால்
சேர்ந்த இடுக்கில் ஒரு வாரத்து ரொட்டித்தூள்.
வெந்நீர்த் தொட்டியின் வடிகட்டியில்
ஒரு பொய் நகம், பச்சை டைனோசர்,
நேற்றுவரை யாரோ தேடிய காதுத் தோடு.

மாடிக்குப் போனோம்.

நான்காம் அறையில் சின்ன மேசை
ஜன்னலடிக்குப் போயிருந்தது, விளக்கோடு.
இரண்டு கட்டிலும் ஒட்டி நின்றன.
ஜிப்பை மூடவில்லை.
நடுப்பள்ளத்தில் இரண்டு நீலத் துவாலைகளை
இறுக்கிச் சுருட்டிச் செருகியிருந்தது.
ஜிப் இருப்பதே தெரியாமல் இருந்திருக்கலாம்.
தெரிந்தும்,
இப்போதைக்கு இது போதும் என்று விட்டிருக்கலாம்.

டெலித் தலையணை உறையைக் கழற்றாமல்
கொஞ்ச நேரம் நின்றாள்.
பிறகு கழற்றினாள்.
துவாலைகள் மற்றத் துவாலைகளோடு
அறுபது டிகிரிக்குப் போயின.

அடுத்து வருவது கார்டிஃப் பெண்கள், பதினாறு பேர்,
கல்யாணப் பெண்ணுக்கு விருந்து. எல்லா அறையும் பிரித்து.
கட்டிலைத் தூக்கி நகர்த்தியபோதுதான் பார்த்தேன்,
மரத்தரையில் புதுக் கீறல்,
இரவில் இழுத்த கட்டில்காலின் தடம்,
நான்கு அங்குலம், வெள்ளையாக.

சேதப் பட்டியலில் எழுத வேண்டும்.
எழுதினால் முன்பணத்தில் கழிப்பாள்,
பற்றுச்சீட்டில் 'அறை நான்கு' என்று வரும்,
வுல்வர்ஹாம்ப்டனில் யாராவது அதைச் சத்தமாகப் படிப்பார்கள்.

எம்ரிஸின் பூட்ஸுக்கு வைத்திருக்கும்
பழுப்பு பாலிஷ் வேனில் இருந்தது.
டெலித் மண்டியிட்டாள்,
நான் பட்டியலை நிரப்பினேன்.
ஒன்று, இல்லை. இரண்டு, இல்லை.
மூன்று, ஒரு கண்ணாடி டம்ளர்.
நான்கு, இல்லை.

மூன்றரைக்கே முற்றத்தில் ஹாரன்.
பலூன்களோடு ஒரு கார்,
அரை மணி நேரம் முன்னதாக.
தரை இன்னும் காயவில்லை.