கீழே நிற்கும் இரண்டு

காலாப்பட்டு. கலிவரதன் கடை மேசையில்
மூன்று டம்ளர்களை இடம் மாற்றுகிறேன்.
ஆறு விதம்; ஏழாவது இல்லை.

இரண்டை மாற்றினால் ஒரு சின்னச் சக்கரம்,
மூன்றையும் சுழற்றினால் இன்னொன்று.
சக்கரங்கள் போதும், முழுக் குலத்தையும் எழுப்பலாம்
என்கிறது தேற்றம்.

யார் தொட்டாலும் அசையாத ஒன்றை
எளிதென்று எடுத்தேன்.
சின்னதிலிருந்து எழுந்தது முழுசாய்,
பெரியதில் பாதி,
வெறுமையிலிருந்து எழுந்ததில் பாதியைக் கழி:
மூன்றும் ஒன்றும் நான்கு, மூன்று போக ஒன்று.

சரிதான். ஆனால்
பாதிக்குக் கீழே நிற்கும் அந்த இரண்டு
ஒரு வாரமாய்ப் போகமாட்டேன் என்கிறது.
கற்பனை எண்ணை உள்ளே விட்டால் போய்விடும்;
விடமாட்டேன், விகிதமுறு எண்களோடுதான் பந்தயம்.

கடற்காற்றில் தாள் பறக்கிறது.
டம்ளர்களைப் பிடுங்கிக் கழுவப் போட்டுவிட்டுக்
கலிவரதன் கேட்கிறார்:
"என்னம்மா, இன்னைக்கும் அரை டீதானே?"