டன்னவேயின் ஒரே லிஃப்ட்

மூன்று மாடிக் கோர்ட்டு. ஒரு லிஃப்ட்.
டன்னவேயில் மேலே போக
வேறு வழி இல்லாததால்தான்
ஊரைவிட்டே போனேன் என்று
அட்லாண்டா விருந்துகளில் சொல்வேன்.
சிரிப்பார்கள். நானும்.

பதினாலு வருஷம் கழித்து வருகிறேன்,
ஜார்ஜியா மாநில லிஃப்ட் ஆய்வாளராக.
கழுத்தில் அட்டை. கையில் புகார்:
"இரண்டாம் மாடிக்கு மேல் ஒரு முனகல் கேட்கிறது.
ஆபத்தாக இருக்கலாம்.
இப்படிக்கு, ஹாலிஸ் ட்ரெட்வெல்,
கட்டடப் பராமரிப்பு."
கோப்பைப் புரட்டினேன்.
இது ஒன்பதாவது புகார்.
எட்டு ஆய்வாளர்கள் வந்து
எட்டு முறை எழுதியிருக்கிறார்கள்: குறை ஏதுமில்லை.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை?
என் கார் எல்லைக்கு வருமுன்
நான் வந்த சேதி வந்துவிட்டது.
பெட்ரோல் பங்கில் ஆர்லீன் ஃபாஸ்க்
குழாயைக் கையில் பிடித்தபடி,
"ஹாலிஸ் முடி வெட்டிக்கிட்டான்" என்றாள்.
நான் கேட்கவில்லையே என்றேன்.
"கேக்க மாட்டேன்னுதான் நானே சொல்றேன்.
உன் மனசு நல்லா இருக்கணும், ரோவீனா."
எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம்:
உன்னைப்போல ஒரு மக்கு உண்டா.

காக்கிச் சட்டைமேல் டை கட்டியிருந்தான்.
டையில் கெளுத்தி மீன்கள்.
எப்போதிலிருந்து முனகுகிறது?
"நீ போனதிலிருந்து."
படிவத்தில் எழுதினேன்: தேதி தெளிவில்லை.

ஏறினோம்.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்
விளக்கு அணைந்தது.
ஜூலை மாதம்.
தொண்ணூற்றெட்டு டிகிரி,
அதில் பாதி அவன் பக்கத்தில் நின்றதால்.

ஐந்தே நிமிடத்தில் படிக்கட்டெல்லாம் ஊர்.
ஆட்டு வழக்கை ஒத்திவைத்துவிட்டு
நீதிபதியே வந்து உட்கார்ந்தார்,
ஆட்டோடு.
பாதிரியார் கதவிடுக்கில் வாய் வைத்து ஜெபித்தார்.
வேகவைத்த வேர்க்கடலைப் பை நுழையாததால்
ஒவ்வொரு கடலையாக உள்ளே தள்ளினார்கள்.
ஈரமாக, உப்பாக,
இருட்டில் காலடியில் வந்து விழுந்தன.
யாரோ கேட்டார்கள்:
"பொண்ணே, அன்னைக்கு ஏன் மாட்டேன்னு சொன்னே?
ஊர் இன்னும் ரெண்டு கட்சியா கிடக்கு."

அன்றைக்கு.
பள்ளிக்கூடக் கால்பந்து மைதானம், இடைவேளை.
ஸ்கோர் சொல்பவரிடம் மைக்கைப் பிடுங்கி
என்னைக் கட்டிக்கிறியா என்று கேட்டான்.
மைக்கை என்னிடமும் நீட்டினான்.
என் "மாட்டேன்" மூன்று கவுண்டிக்குக் கேட்டது.
தோற்றுக்கொண்டிருந்த எதிரணிகூடக்
கைதட்டியது.

இருட்டில் மெல்லச் சொன்னேன்:
நான் மறுத்தது மைக்கை, ஹாலிஸ்.

"என்னது? சத்தமா!" என்றது படிக்கட்டு.

அவன் பேசவில்லை.
பதினாலு வருஷத்தில் அதை மட்டுமாவது
கற்றிருந்தான்.
என் டார்ச்சை வாங்கி, பென்சிலை வாங்கி,
படிவத்தில் 'பிற குறிப்புகள்' என்ற கட்டத்துக்குள்
கோட்டைத் தாண்டாமல் எழுதினான்:
வெள்ளிக்கிழமை சாப்பிட வருவாயா?
நாம் இரண்டு பேர் மட்டும்.

முனகல் எங்கே என்றேன்.
"லிஃப்டில் இல்லை" என்றான்,
காதோரம் சிவந்து.
பொய்ப் புகாருக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா?
"ஒன்பதால பெருக்கியே வச்சிருக்கேன்."

வெளியே ஊர் மூச்சைப் பிடித்திருந்தது.
"சத்தமே காணோமே" என்றார் நீதிபதி.
"செத்துகித்துப் போய்ட்டாங்களா?"
ஆடு மட்டும் ஏதோ பதில் சொன்னது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.
நான் பார்க்காத லிஃப்ட் இல்லை.
இந்தக் கயிற்றில் பழுதில்லை, மோட்டாரில் பழுதில்லை.
கதவிடுக்கில் கத்தினேன்:
ஆர்லீன், மெயின் ஸ்விட்சைப் போடு!

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு அடித்தளத்திலிருந்து ஒரு குரல்:
"முடிஞ்சுதா, இன்னும் நேரம் வேணுமா?"

ஹாலிஸ் என்னைப் பார்த்தான்.
நான் உட்கார்ந்து ஒரு கடலையை உரித்தேன்.
இன்னும் பத்து நிமிஷம் என்றேன்,
மூன்று கவுண்டிக்கும் கேட்கும்படி.

அறிக்கை இப்போது தலைமை அலுவலகத்தில் இருக்கிறது.
முடிவு: நிபந்தனையுடன் தேர்ச்சி.
முனகல் உறுதியாகவில்லை.
மறு ஆய்வு வெள்ளிக்கிழமை, ஏழு மணி.
ஆய்வாளர் படிக்கட்டில் வருவார்.