பக்கப் பிழை

ட்ரோம்சோவில் நவம்பர் கடைசி.
சூரியன் கிளம்பிப் போய்விட்டது, இனி ஜனவரியில்தான்.
நிலவறையில் எட்டுக் கணினிகள்,
எட்டுக்கும் கடற்பறவைகளின் பெயர்.
லுண்டே செயற்கைக்கோளிடமிருந்து பனியின் அளவை வாங்கும்.
தெர்னே அதைப் படமாக்கிக் கப்பல்களுக்கு அனுப்பும்.
நடுவில் ஒரே கோப்பு, ஒரே வட்டு அடுக்கு.
இரண்டும் அதை நினைவில் விரித்து வைத்துக்கொண்டு
தன் மடியில் இருப்பதுதான் கோப்பு என்று நம்பின.

செவ்வாய் அதிகாலை ஒரு மீன்பிடிக் கப்பலிலிருந்து அழைப்பு.
"உங்கள் படத்தில் தண்ணீர்.
என் அணியத்தில் பனிப்பாளம்" என்றார் ஓட்மார்.
குரலில் கோபம்கூட இல்லை.
தகட்டில் ஒரு நசுங்கல், ஆளுக்கு அடியில்லை.
லுண்டே எழுதி நாலு மணி நேரம் ஆகியும்
தெர்னே பழைய பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தது.

அறிக்கையில் முதல் வரியாக எழுதினேன்:
தெர்னே பொய் சொல்லவில்லை.

எழுதலாமா என்று கேட்டு வருகிறவனை
வாசலில் நிறுத்திப் பூட்டைக் காட்டலாம்.
நினைவில் விரித்த கோப்புக்கு வாசலே கிடையாது.
ஓர் எண் மாறுகிறது, அவ்வளவுதான்.
வட்டுக்குத் தெரியாது,
கோப்பமைப்புக்குத் தெரியாது,
அடுத்த பெட்டியில் மூச்சுவிடும் கணினிக்கும் தெரியாது.

அதனால் இடறுகல்லை நானே நட்டேன்.
எல்லாப் பக்கமும் படிக்க மட்டும்.
எழுதக் கை வைத்ததும் செயலி தடுக்கி விழும்.
அந்த விழுகைதான் என் வாசல்.
அங்கே நின்று விசாரிப்பேன், பூட்டு யாரிடம்?
மற்ற ஏழும் தம் பிரதியைக் கிழித்துப் போட்டபின்
எழுது என்பேன்.
பிழைத்தால்தான் பிழைக்கும் இந்தப் பக்கம்.

விட்டுக்கொடுக்கவும் முறை உண்டு.
கேட்டால், முதலில் உன் அழுக்கை வட்டில் இறக்கு.
அப்புறம் உன் பிரதியை மற.
அப்புறம்தான் பூட்டை விடு.
வரிசை மாறினால் ஓட்மார் கூப்பிடுவார்.

மூன்று இரவு ஆனது.
இரண்டாம் இரவில் லுண்டே
ஒரு கோப்பின் பூட்டைப் பிடித்தபடி மறுகோப்புக்குக் காத்திருக்க,
அந்த மறுகோப்பைப் பிடித்தபடி தெர்னே இதற்குக் காத்திருக்க,
விசிறிகள் மட்டும் சுற்றின.
காப்பி ஆறிப்போனதையும் அன்றுதான் கவனித்தேன்.

ஹால்வார்டும் நானும் பிரிந்து இரண்டு வருஷம்.
சிக்னி ஒரு வாரம் அவனிடம், ஒரு வாரம் என்னிடம்.
ஞாயிறு ஐந்து மணிக்குப் பாலத்தின் இந்தப் பக்கத்தில் கைமாற்றுவோம்:
பை, சறுக்குக் கட்டை, ஒற்றைக் கையுறை.
அந்த ஞாயிறு அவள் சிரித்தாள்,
கீழ்வரிசையில் ஓர் இடம் காலி.
"எப்போது?"
"வியாழக்கிழமை. தம்ளர் தண்ணீரில் போட்டேன், காசு வந்தது."

வெள்ளிக்கிழமை உணவு மேசையில் யாரோ கேட்டதற்கு
இன்னும் ஒரு பல்கூட விழவில்லை என்று
சொல்லியிருந்தேன் நான்.

ஹால்வார்டைத் திட்டச் செய்தி அடித்தேன். பாதியில் நின்றேன்.
என் வாரத்தில் அவள்
விளக்கில்லாமல் தூங்கப் பழகி ஒரு மாதம் ஆகிறது.
அவன் இன்னும் இரவெல்லாம்
அந்த நிலா விளக்கை எரிய விடுகிறான்.
சொல்லவில்லை நான். என் பக்கமும் அழுக்கு.

புதன்கிழமை பியோர்க் என் மேசைக்கு வந்தாள்.
"தெர்னே மெதுவாகிவிட்டதே?"
ஆமாம். வட பனியும் தென் பனியும்
ஒரே பக்கத்தின் இரு மூலையில் இருக்கின்றன.
ஒன்றை ஒன்று தொடுவதே இல்லை,
ஆனாலும் ஒவ்வொரு எழுத்துக்கும்
முழுப் பக்கமும் இங்குமங்கும் அலைகிறது.
"முன்பு போல வேகமாக்க முடியுமா?"
"முடியும். ஓட்மாரிடம் யார் பேசுவது?"

அவள் போனபின்
அடித்ததை அழித்துவிட்டு வேறு எழுதினேன்.
விளக்கு வேண்டாம். அவளே அணைத்துவிடுவாள்.
அனுப்பினேன்.
படித்ததற்கான நீலக் குறி வரும்வரை
திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.