அறுபத்தொன்று, இரண்டு முறை

காகிதப்பட்டறையில் மே மாதம்.
ராத்திரி பதினொன்றுக்கும் குழாயில் வெந்நீர்தான் வருகிறது.
விசிறிக் காற்றில் அட்டைகள் எழுந்து எழுந்து உட்கார,
ஒவ்வொன்றின் மேலும் ஒரு காலி மருந்துப் புட்டி வைத்திருக்கிறேன்.
ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் பதினேழு வருஷம்.
எதையாவது எண்ணி முடிக்காமல் தூக்கம் வராது எனக்கு.

செங்கழுகு சித்திரக்கதை, மாத வெளியீடு, விலை இரண்டு ரூபாய்.
எண்ணைத் தட்டு, படம் எடு, ஏற்று.
நிலை என்ன என்று கேட்கிறது பட்டியல்:
புதிது, நன்று, சுமார், மோசம்.
ஒன்பதாம் இதழில் ரசக் கறை.
இருபத்தேழில் நடுத்தாள் இல்லை, பின் துருவின் இரண்டு புள்ளி மட்டும்.
நாற்பத்தைந்தில் இளவரசிக்குப் பால்பாயிண்ட் மீசை,
என் கை அல்ல அது.
சுமார், சுமார், சுமார்.

ஏற்றிய மறுநொடி சொல்கிறது
அதே இதழ் இன்னும் எத்தனை பேரிடம் என்று.
முதல் இதழ் எண்ணூற்று நான்கு பேர்.
(ஸ்டிக்கர் இலவசம், வாங்காதவர் யார்?)
பதினொன்று தீபாவளி மலர், ஆயிரத்தைத் தாண்டுகிறது.
பாலிதீன் உறை போட்டு, அந்துருண்டை வைத்து,
புகுந்த வீட்டுக்கும் கொண்டுபோய்
யாரிடமும் காட்டாத பதின்மூன்று,
அறுநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் இருக்கிறது.
சுருக்கென்றது.
அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது.
ஓசூரில் ஒருவர், ஈப்போவில் ஒருவர்,
அதே குதிரை அதே பள்ளத்தைத் தாண்டும்வரை
அதே மாதம் மூச்சை அடக்கியிருக்கிறார்கள்.

என்னிடம் இருப்பதெல்லாம் ஒற்றைப்படை.

கொசப்பேட்டை வீடு விற்ற அன்று
பத்திர ஆபீஸிலிருந்து வந்த கையோடு
பீரோ, கிரைண்டர், பித்தளை அண்டா என்று பிரித்து
கடைசியில் இதற்கு வந்தோம்.
ஒற்றை உனக்கு, இரட்டை எனக்கு என்றான் தணிகாசலம்.
நியாயமாகத்தான் பட்டது.
செங்கழுகில் எல்லாக் கதையும் இரண்டு பாகம் என்பது
இருவருக்குமே அப்போது உறைக்கவில்லை.
‘தொடரும்’ எல்லாம் என்னிடம்.
‘முற்றும்’ எல்லாம் தம்பியிடம், வாலாஜாவில்.
கேப்டன் நீலவேங்கை என் அலமாரியில்
முப்பத்தொன்பது மலைவிளிம்பில் தொங்குகிறான்.

அறுபத்தொன்றில்தான் சண்டை.
அச்சுக்காரர் அந்த எண்ணை இரண்டு மாதம் போட்டுவிட்டார்,
அறுபத்திரண்டு என்று ஒன்று வரவே இல்லை.
இரண்டும் ஒற்றை, இரண்டும் எனக்கு என்றேன்.
பின்னது பேர் மாறிப் பிறந்த இரட்டை என்றான்.
வாசலில் டெம்போக்காரன் ஹாரன் அடித்தபடி இருந்தான்.
புத்தகத்துக்குச் சம்பந்தமில்லாததெல்லாம் பேசினோம்.
ஒன்றை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
வண்டியில் ஏறினான்.
முக்கால் மணி நேர பஸ். ஆறு வருஷம்.

இன்றைக்குக் கடைசி இதழையும் ஏற்றிவிட்டுக் கீழே பார்க்கிறேன்.
உங்களோடு அதிகம் ஒத்துப்போகிறவர்:
ஈப்போக்காரர், முப்பத்தாறு இதழ்கள்.
மிகக் குறைவாக:
பெயர், அறுபத்திரண்டு.
ஊர் இல்லை. படம் இல்லை.
அவரிடம் முப்பத்தொன்பது. இருவருக்கும் பொதுவாக, 1.

தொட்டுத் திறந்தேன்.
இரண்டு, நான்கு, ஆறு என்று நெட்டாக இறங்கி
அறுபதுக்கு அடுத்து அறுபத்தொன்று.
நிலை: சுமார்.

என்னுடையதன் அட்டையில் கயிறு அறுகிறது.
அவனுடையதில் ஒரு கை, கயிற்றைப் பிடித்துவிட்ட கை.
வேறு வேறு புத்தகம்.
எண்ணைப் பார்த்துப் பட்டியல் ஏமாந்திருக்கிறது.
பிழையைத் தெரிவிக்க, ஓரத்தில் ஒரு பொத்தான்.
கிடங்கில் ஒரே எண்ணில் இரண்டு சரக்கு வந்தால்
அன்றைக்கே கடிதம் எழுதுகிறவள் நான்.

திருத்தினால் பூஜ்யம் ஆகிவிடும்.

ஆற்காடு சாலையில் ஒரு லாரி
பச்சைத்தோல் நாற்றத்தோடு ராணிப்பேட்டைப் பக்கம் போனது.
கரண்டும் போனது. விசிறி நிற்க, அட்டைகள் அடங்கின.
கைபேசியில் ஏழு சதவீதம்.
அந்த ஒன்றை அப்படியே விட்டுவிட்டு
இருட்டில் தடவித் தடவிப்
புட்டிகளை எடுத்தேன்.